அச்சில் வராத நீலம்

அச்சடிக்க நாலு வழியைக் காட்டிவிட்டுச் சும்மா நிற்கிறது இந்தச் சின்னப் பெட்டி, கம்ப்யூட்டர் திரையின் நடுவில், ஏதாவது ஒன்றைத் தொடேன் என்று. பர்செப்சுவல், ரிலேட்டிவ், சாச்சுரேஷன், அப்சல்யூட். பயணிகளின் கனிவான கவனத்திற்கு, நான்காவது நடைமேடையிலிருந்து புறப்பட வேண்டிய அப்சல்யூட் மூன்று வாரம் தாமதமாக, என்று ரயில் நிலையத்துப் பெண்ணின் குரலில் சொல்லிப் பார்த்தேன். வலது கை தன்னால் எழுந்து வாயை மறைத்துக்கொண்டது. எந்தக் குரலை எடுத்தாலும் எனக்கு அப்படித்தான். கை வாய்க்கு முன்னால் வந்தால்தான் தொண்டைக்குள் அடுத்த ஆள் வருவார். சிரிக்க இங்கே யாரும் இல்லை. ஏசி, ப்ரிண்டர், சுவரில் மாட்டியிருக்கிற கல்யாண ஜோடிகள், நான். ஸ்டுடியோக்காரர் எட்வின் அண்ணன் மண்டபத்தில் ஒரு சீருக்குப் படம் எடுக்கப் போயிருக்கிறார். "நெரஞ்சனா, உங்கத்தை படத்த நீயே போட்டுக் குடுத்துரு. பளபளத் தாள் ஒண்ணே ஒண்ணுதான் இருக்குது, பார்சல் சாயங்காலந்தான் வரும், கெடுத்துப்போடாத" என்று சொல்லிவிட்டுப் போனார். பிளஸ் டூ பரீட்சை முடிந்ததிலிருந்து இந்த நாற்காலியில் உட்கார்ந்து கல்யாண ஆல்பம் அச்சடிக்கிறேன், ஒரு தாளுக்கும் இப்படிப் பயந்ததில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் சேரில் தெய்வானை அத்தை, அப்பாவின் அக்கா, மடியில் ஒயர் கூடையோடு. திரையின் மூலையில் மணி பன்னிரண்டு ஐம்பது. இந்த அளவுப் படம் வெளியே வரப் பதினோரு நிமிடம் ஆகும். ஒன்று முப்பத்தைந்துக்கு எங்கள் ஊர் பஸ். மூன்று மணிக்கு அத்தையின் கிணற்றடிக்குச் சுற்றுச்சூழல் ஆபீசர் வருகிறார், இரண்டாம் தடவையாக, கடைசித் தடவையாக. இன்றைக்குக் கோப்பில் சேர்க்கத் தாளில் ஆதாரம் இல்லையென்றால் மனுவை முடித்துவிடுவேன் என்று எழுதியே கொடுத்துவிட்டார். மனு முடிந்தால் சாயப்பட்டறைக்காரன் மண் போட்டு மூடிவைத்திருக்கிற சாயக்கழிவுக் குழாயை மறுபடி தோண்டுவான். அப்புறம் கிணறும் இல்லை, நாற்பது தென்னையும் இல்லை, ஏற்கெனவே அந்தத் தண்ணியைக் குடித்து மூன்று நாள் எழுந்திருக்காமல் கிடந்த மாடும் இல்லை. ஆதாரம் என்று இருப்பது திரையில் இருக்கிற இந்தப் படம் ஒன்றுதான். எடுத்தது நான். மற்ற எல்லா ஆதாரத்தையும் அழித்ததும் நான்தான், அது அத்தைக்குத் தெரியாது.

படத்தில் கிணறு. மேலிருந்து குனிந்து எடுத்தது, வைகாசி மழை விட்ட மறுநாள் காலை, வெயில் நேராக உள்ளே இறங்கியிருந்த நேரம். சுற்றுச்சுவர்க் கல், கல்லிடுக்கில் முளைத்த அரசங்கன்று, கயிற்றைப் பிடித்திருக்கிற அத்தையின் கை, முழங்கை வரைக்கும்தான், கண்ணாடி வளையல் இரண்டு. அதற்குக் கீழே தண்ணீர். நீலம் என்று சொன்னால் இந்தப் பனியன் ஊரில் யாருக்கும் ஒன்றும் புரியாது. நேவியா, ராயலா, பெட்ரோலா, ஸ்கையா என்று கேட்பார்கள். அத்தை ஒன்பது வருஷம் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தவள். எட்டிப் பார்த்ததும் அழவில்லை, கத்தவில்லை, "இது ராயல் ப்ளூ கண்ணு, பீஸ் பீஸா எத்தனை பார்த்திருக்கறேன்" என்றாள். நான் போனை நீட்டிச் சொடுக்கினேன். போன் திரையில் அந்தத் தண்ணீர் உள்ளுக்குள்ளே யாரோ விளக்குப் போட்ட மாதிரி எரிந்தது. சுற்றிலும் சிறிது சிறிதாக அலை, ஒவ்வொரு அலைக்கும் ஒரு நீலம், பார்க்கப் பார்க்க அழகாக, ஐயோ அழகாகத்தான் இருந்தது, அதைச் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. சிக்கல் அங்கேதான். திரைக்கு விளக்கு உண்டு, தாளுக்குக் கிடையாது. தாளுக்கு மை மட்டும்தான். இந்த ப்ரிண்டர் இந்தத் தாளில் எவ்வளவு தூரம் போக முடியும் என்று அளந்து எழுதிவைத்த ஒரு கோப்பு இருக்கிறது, ப்ரொஃபைல் என்பார் எட்வின் அண்ணன். படத்தின் எந்த நிறம் அந்த எல்லைக்கு வெளியே நிற்கிறதோ அதன் மேல் சாம்பலைப் பூசிக் காட்டச் சொல்லலாம். சொன்னேன். கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை, கைக்கு ஒன்றும் ஆகவில்லை, வளையல் தப்பியது. தண்ணீர் முழுக்கச் சாம்பல். கிணறு நிறையச் சாம்பல். இது எனக்கு வராது, என்னை விட்டுவிடு என்று ப்ரிண்டர் கையெடுத்துக் கும்பிடுகிற மாதிரி. வராத நிறத்தை என்ன செய்வது என்பதற்குத்தான் இந்த நாலு வழி.

பர்செப்சுவல் போட்டால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள் என்பது எட்வின் அண்ணனின் வேதம். "எல்லாத்தையும் கொஞ்சங்கொஞ்சம் உள்ள இழுத்துக்கும். பத்துப் பேரு உக்கார்ற பெஞ்சில பதினாலு பேரு உக்கார்றாப்பல, அல்லாரும் நெருக்கிக்குவாங்க, ஒருத்தரும் கீழ உழ மாட்டாங்க." அவர் குரல் எனக்கு லேசாக வரும், கன்னத்துக்குள் வெற்றிலை அடக்கிய மாதிரி நாக்கைத் தடித்துக்கொண்டால் போதும். முன்கூட்டிக் காட்டச் சொன்னேன். நிறங்கள் நெருக்கிக்கொண்டன. அலை இருக்கிறது, ஆழம் இருக்கிறது, எல்லாம் இயல்பாக இருக்கிறது. ஆனால் நீலம் இறங்கிவிட்டது. மங்கி, லேசாக ஊதா கலந்து, பார்த்தால் ஒரு நல்ல கிணற்றில் மத்தியான வானம் தெரிகிற மாதிரி. வானம். அதே வார்த்தையைத்தான் சாயப்பட்டறை மேனேஜர் சம்பத்து முதல் விசாரணையிலேயே சொன்னான், பல்லைக் காட்டிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் முதுகை வளைத்துக்கொண்டு, "வானந் தெரிஞ்சிருக்கும்ங் சார், நாங்கெல்லாம் சுத்தம் பண்ணித்தானுங் தண்ணி உடறோம்." அவன் குரல் எனக்கு இன்னும் லேசு. அவன் குரலைக் கேட்டுப் பழகத்தான் அன்றைக்கு போன் செய்தேன் என்று எனக்கு நானே பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். பழகவா செய்தேன்? இல்லை. சிரிக்கச் செய்தேன். கிணறு நீலமான அதே நாள் சாயங்காலம், மொட்டை மாடியில், இந்தக் கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டு, ஆபீசர் குரலில். எங்கள் பள்ளிக்கூடத்தில் சுற்றுச்சூழல் தினத்துக்கு வந்து ஒரு மணி நேரம் பேசிய குரல் அது. மூக்கால் தொடங்கி மூக்காலேயே முடியும், மூன்று சொல்லுக்கு ஒரு அதாவது. "அதாவது மிஸ்டர் சம்பத், அதாவது நாளைக் காலையில் நான் நேரில் வருகிறேன், அதாவது கிழக்கே அந்தக் கிணற்றைப் பார்க்க வேண்டும், அதாவது எல்லாம் தயாராக இருக்கட்டும்." அந்தப் பக்கம் சம்பத்து எழுந்து நின்றுவிட்டான், நாற்காலி பின்னால் விழுந்த சத்தம் கேட்டது. "சரிங் சார், ஆகட்டுங் சார், சாருக்கு எளநீ சொல்லட்டுங்களா சார்." எனக்கு அடக்க முடியவில்லை. எந்த போன் விளையாட்டிலும் கடைசியில் அந்தச் சிரிப்பு வந்து என்னைக் காட்டிக்கொடுத்துவிடும், விக்கல் மாதிரி இரண்டு விக்கு, அப்புறம் ஒரு கீச்சு. அன்றைக்கும் வந்தது. பட்டென்று வைத்துவிட்டேன். மாடியில் உருண்டு உருண்டு சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும். அந்தத் தண்ணீருக்கு நிறம் இல்லை.

தயாராகத்தான் இருந்தார்கள். பொழுது விடிந்ததும் பெரிய மோட்டாரும் ஆறு ஆளுமாக அத்தை வீட்டு வாசலில் சம்பத்து. "ஏதோ மழைத் தண்ணி கலங்கிப்போச்சாட்ட இருக்குதுங்க்கா. நம்ம செலவுலயே எறைச்சுத் தூர் வாரிக் குடுத்தர்றோம். பக்கத்துப் பக்கத்துல இருக்கறவீங்க நாம." அத்தைக்கு மனது இளகிவிட்டது, தப்பு என்று தெரிந்து வந்திருக்கிறார்கள் பாவம் என்று. ஆறு பேருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள். முறுக்கு வேறு. மத்தியானத்துக்குள் கிணறு காலி, குழாய் வாய்க்கு மண். அவர்கள் துடைத்துக்கொண்டு போனது தன் சாட்சியை என்று அவளுக்கு எட்டு நாள் கழித்து மனு எழுதும்போதுதான் உறைத்தது. போன் வராமல் இருந்திருந்தால் அவர்களுக்கு அவசரம் ஏது? மோட்டார் ஏது? நிஜ ஆபீசர் வருகிறபோது நிஜ நீலம் கிணற்றில் இருந்திருக்கும். அத்தை முதல் நாளே ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துவைத்திருந்தாள். அதோ கூடைக்குள் இருக்கிறதே அதுதான். ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் பார்க்கட்டும், பார்த்துக் கேட்கட்டும் என்று ஜன்னல் மேல் வைத்துவிட்டாள். கம்பெனியில் நிறம் ஒத்துப் பார்க்கிற ஷேட் துண்டை வெளுத்துவிடாமல் கறுப்புக் கவரில் போட்டு, பீரோவுக்குள் வைத்து, வெளிச்சப் பெட்டியில் மட்டும் எடுத்துப் பார்க்கிற ஊர் இது. ஒன்பது வருஷம் தன் கையால் கவரில் போட்டவள் அவள். துணி என்றால் தோன்றியிருக்கும், தண்ணீருக்குத் தோன்றவில்லை. சித்திரை வெயிலின் மிச்சம் இரண்டு வாரத்தில் பாட்டிலைக் குடித்துவிட்டது. இப்போது அதில் இருப்பது ஜீரகத் தண்ணீர் நிறத்தில் ஏதோ. முதல் விசாரணையில் அதைத் தூக்கிக் காட்டியபோது ஆபீசர் மோந்து பார்த்துவிட்டு, "அதாவது இது என்னம்மா?" என்றார். அதே மூக்கு. நான் கூட்டத்தில் பின்னால் நின்றுகொண்டிருந்தேன், என் தொண்டைக்குள் இருந்து அவரே வெளியே எழுந்துபோய் அங்கே நிற்கிற மாதிரி இருந்தது. சம்பத்து முந்திக்கொண்டான். "இவீங்க பக்கத்துல இருந்து யாரோ சார் பேர்ல போலிப் போன் வேற போட்டு மெரட்டறாங்க சார். ரிக்கார்டே இருக்குதுங்." ஆபீசர் அத்தையைப் பார்த்த பார்வை. போலி என்ற சொல் மனுவின் மேல் ஒட்டிக்கொண்டுவிட்டது, தபால்தலை மாதிரி. அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அப்பாவிடம், "எவனோ பேசிப்போட்டானாம், நம்ம தலையில விடியுது" என்று மட்டும் சொன்னாள். எவனோ. நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

கதவு திறந்தது. வெயிலும் பஸ் ஸ்டாண்டு சத்தமும் ஒரு கைப்பிடி உள்ளே வந்தன. "ஆச்சா கண்ணு?" "இன்னும் இல்லீங்கத்தை. கொஞ்சம் பாத்துத்தான் போடணும்." "பார்த்துப் போடு, பார்த்துப் போடு. நெலக்கடலை வாங்கியாரட்டுமா, பசிக்குதா?" "வேண்டாங்கத்தை." "உள்ற என்ன குளுருதப்பா, இதுல எப்படித்தான் உக்காந்திருக்கறயோ. மூக்கு ஒழுகிப்போகும்." கதவு மூடிக்கொண்டது. இந்தக் குரல் மட்டும் எனக்கு வராது. பொங்கலுக்கு எல்லாரும் கூடியிருக்கும்போது அத்தையைப் பேசிக் காட்டு என்பார்கள், காட்டுவேன், விழுந்து விழுந்து சிரிப்பார்கள், அத்தையும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். ஆனால் அது அத்தை இல்லை என்று எனக்குத் தெரியும். இரண்டு காட்டுக்கு அப்பால் நிற்கிற மாட்டைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அடியில் ஒரு விரிசல் விழுந்த குரல் அது. அந்த விரிசல் என் தொண்டையில் இல்லை. அதை விட்டுவிட்டு இழுவையையும் கண்ணு கண்ணையும் மட்டும் எடுத்துக்கொள்வேன், கொஞ்சம் உள்ளே இழுத்து, கொஞ்சம் நெருக்கி, எல்லாரும் நம்புகிற மாதிரி. இப்போது, இந்த நாற்காலியில், புரிகிறது. நான் இத்தனை வருஷம் செய்துகொண்டிருந்தது பர்செப்சுவல்தான். யார் வந்தாலும் என் தொண்டை அளவுக்குச் சுருக்கி உட்காரவைத்துவிடுவேன். ஒருத்தரும் கீழே விழ மாட்டார்கள். ஒருத்தரும் அவர்களாகவும் இருக்க மாட்டார்கள். கேட்கிறவர்களுக்கு அது போதும், கை தட்டுவார்கள். கிணற்றில் வானம் தெரிகிறது, ஆகா, அச்சு அசல்.

சாச்சுரேஷன் வேண்டாம், அதைப் பார்க்கவே வேண்டாம், பார்த்தேன். உண்மையோ பொய்யோ பளிச்சென்று இருந்தால் சரி என்று நினைக்கிற வழி அது. கல்லுக்கு மஞ்சள் ஏறிவிட்டது, அரசங்கன்று கிளி ஆகிவிட்டது, அத்தையின் கைக்கு மருதாணி வைத்த மாதிரி. காதுகுத்துக்கு ரோட்டோரம் கட்டுகிற ஃப்ளெக்ஸ் தட்டி. அன்பு அத்தையின் அருமைக் கிணற்றுக்கு நீல நீராட்டு விழா, வருக வருக என்று மைக் செட்டுக்காரர் குரல் தொண்டை வரைக்கும் வந்தது, கையும் எழுந்தது, கையைத் தொடைக்கு அடியில் போட்டு உட்கார்ந்துகொண்டேன். அப்சல்யூட் இன்னும் மோசம். திரையின் வெள்ளை எப்படி இருந்ததோ அப்படியே வேண்டும் என்று தாளின் வெள்ளைக்குக்கூட ஒரு சாயம் பூசுகிறது, வெயில் பட்ட கல்லெல்லாம் அழுக்காகிறது, அப்படியும் நீலம் வரவில்லை. இந்த நாலையும் விட்டுவிட்டு ஐந்தாவதாக ஒரு வழி இருக்கிறது, அது எனக்கு நன்றாக வரும். படத்தையே திருத்திவிடலாம். சுற்றியிருக்கிற கல்லை இரண்டு படி இருட்டாக்கு, கையை மங்கலாக்கு, தண்ணீரின் நீலத்தைத் தாளால் தாங்க முடிகிற இன்னொரு நீலமாக மாற்று, அலையைக் கையால் வரை. ஐந்து நிமிட வேலை. எரிகிற மாதிரியே இருக்கும். ஆபீசர் நம்பிவிடுவார். சம்பத்துகூட நம்பிவிடுவான், தன் பட்டறையில் இதைவிடக் கெட்டியாக ஊற்றியிருக்கிறார்களே என்று. பொய்யால் போனதைப் பொய்யாலேயே எடுத்துவிடலாம். மவுஸ் அந்தப் பக்கம் போய்விட்டது, உண்மையிலேயே போய்விட்டது. போனில் இருக்கிற மூலப் படத்தையும் காட்டுங்கள் என்று அவர் கேட்டால்? கேட்பார், அதாவது என்று தொடங்கிக் கேட்பார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்? போலி என்று ஒட்டியிருக்கிற தபால்தலைக்கு மேல் முத்திரையும் விழும். அந்தப் பயத்தால்தான் கையை எடுத்தேன். நல்ல மனதால் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், இல்லை.

மிச்சம் ரிலேட்டிவ். தாளால் முடிகிற நிறத்தில் ஒன்றையும் தொடாது. கல் கல்லாகவே இருக்கும், கை கையாகவே இருக்கும், வளையலில் ஒன்று விரிசல் விட்டிருக்கிறதே அந்தக் கீறல்கூட அப்படியே. முடியாத நிறத்தை மட்டும் எல்லை வரைக்கும் கொண்டுபோய் அங்கேயே நிறுத்திவிடும். இதற்கு மேல் எனக்குத் தெரியாது என்று. ஆனால் நூறு நீலமும் ஒரே வேலியில் போய் முட்டி நிற்கும்போது அலை எது, ஆழம் எது? தண்ணீர் முழுக்க ஒரே பலகை. முன்காட்சியில் பார்க்கிறேன், அப்படித்தான் இருக்கிறது. கிணற்றுக்குள் யாரோ நீலப் பெயின்டு டப்பாவைக் கவிழ்த்து மட்டம் தட்டிய மாதிரி. நிஜமான படம் பொய்யாகத் தெரியும். பொய்யாக மங்கிய படம் நிஜமாகத் தெரியும். போன வருஷம் வேதியியல் மிஸ் கேள்வி கேட்டார், எனக்கு விடை தெரியும், எழுந்து சொன்னேன். "வெளையாடாத. உன் சொந்தக் குரல்ல சொல்லு" என்றார். வகுப்பே சிரித்தது. நான் சொந்தக் குரலில்தான் சொன்னேன். அன்றைக்கு நானும் கையை வாய்க்கு வைத்துக்கொண்டு, ஆமாம் மிஸ், அகப்பட்டுக்கொண்டேன் மிஸ் என்கிற மாதிரி சிரித்து, அடுத்து மிஸ் குரலிலேயே விடையைச் சொன்னேன். முழு மதிப்பெண். திரையில் மணி ஒன்று ஆறு. இன்னும் கால் மணி நேரம் இப்படியே சுற்றிக்கொண்டிருந்தால் பஸ்ஸே முடிவு பண்ணிவிடும், அதுவும் ஒரு வசதிதான், எதுவும் என் தப்பில்லை என்று ஆகிவிடும், படமே இல்லை, தாளும் கெடவில்லை. வானமா பெயின்டா. வானம் என்றால் ஆபீசர் சண்டை போட மாட்டார், புன்னகையோடு மனுவை மூடுவார், அத்தைக்கு ஒன்றும் புரியாது, படம் நல்லாத்தான கண்ணு வந்துச்சு என்பாள், என்னையும் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். பெயின்டு என்றால் கேட்பார். இது என்ன என்று கேட்பார். கேட்டால் யாராவது பதில் சொல்ல வேண்டும். இந்த நீலம் ஏன் இப்படிப் பலகையாக நிற்கிறது, மூலப் படம் எங்கே, எடுத்தது யார், அன்றைக்குச் சாயங்காலம் போன் செய்தது யார். எல்லாக் கேள்வியும் ஒரே கயிற்றில் கட்டியிருக்கிறது, ஒன்றை இழுத்தால் வாளி மொத்தமும் மேலே வரும்.

தொட்டுவிட்டேன். ரிலேட்டிவ். யோசித்துத் தொட்டேனா, விரல் வழுக்கியதா, தெரியவில்லை. ப்ரிண்டர் ஒரு தடவை இருமியது, எட்வின் அண்ணனின் அப்பா மாதிரி, நான் அந்த இருமலைத் திருப்பி இருமவில்லை. தாள் உள்ளே போனது. முதலில் சுற்றுச்சுவரின் மேல் விளிம்பு, ஒரு விரற்கடை. மை வைக்கிற தலை இடமும் வலமுமாக ஓடுகிறது, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அரிசி அளவு படம். கல். கல்லின் மேல் காக்காய் எச்சம். அரசங்கன்றின் முதல் இலை. இவ்வளவு மெதுவாக எதையும் நான் பார்த்ததில்லை, பார்த்ததும் குரலாக்கித் துப்பிவிடுவேனே, பார்க்க ஏது நேரம். அத்தையின் விரல். கயிறு அழுந்திய இடத்தில் வெளுத்திருக்கிறது. மணிக்கட்டில் நரம்பு. உண்மையான கறுப்பு, உண்மையான சுருக்கம், எட்வின் அண்ணன் கல்யாணப் படத்தில் எல்லாருக்கும் தடவுகிற மாவு இல்லாமல். முதல் தடவையாக அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது எனக்குத் தெரிகிறது, கயிறு மட்டும் லேசாகக் கலங்கி விழுந்திருக்கிறது படத்தில். அன்றைக்குப் பக்கத்தில்தான் நின்றேன். ராயல் ப்ளூ கண்ணு என்று அவள் சொன்னது காதில் விழுந்தது, அதை எந்தச் சுருதியில் சொன்னாள் என்றுதான் கவனித்துக்கொண்டிருந்தேன். கீழே நீலம் தொடங்கியது. பலகை. அரிசி அரிசியாகப் பலகை. நிறுத்து பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நிறுத்தி என்ன செய்ய, இன்னொரு தாள் இல்லை. பளபளப்பில்லாத மேட் தாள் இருக்கிறது, அதில் நீலம் இன்னும் செத்துப்போகும்.

வெளியே வந்து விழுந்ததும் அத்தையைக் கூப்பிட்டேன். வந்து, வேர்த்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, தொடாமல் குனிந்து பார்த்தாள். செக்கிங் டேபிளில் துணியைப் பார்க்கிற அதே குனிவு. "கை நல்லா வந்திருக்குது" என்றாள். பார்வை கீழே நீலத்துக்கு இறங்கியது. "தண்ணி மட்டும் என்ன கண்ணு, பெயின்டு அடிச்சு உட்டாப்பல இருக்குது?" "இந்த மெஷினுக்கு இதுக்கு மேல வராதுங்கத்தை. தாள்ல அந்த நெறம் இல்லை." "மங்கலாவாச்சும் வராதா?" "வரும். மங்கலா வந்தா வானம்னு சொல்லிருவாங்க." தலையை ஆட்டினாள். "அது செரி. அந்தச் சம்பத்து அதையேதான் சொல்லுவான்." அப்புறம், "இத கம்ப்யூட்டர்ல பண்ணுனதுன்னு ஆபீசர் சொன்னா என்ன பண்றது?" "நானும் வர்றனுங்கத்தை. போன்ல இருக்கற படத்தையும் காட்டி, ஏன் இப்படி வந்துச்சுன்னு நானே அவருகிட்டச் சொல்றேன்." அத்தை நிமிர்ந்தாள். கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டாள், உள்ளே பாட்டில் எதிலோ இடித்துக் கிணுங்கென்றது. என் முகத்தைப் பார்த்தாள், கோபமாக இல்லை, ஷேட் ஒட்டுதா ஒட்டலையா என்று பார்க்கிற மாதிரி. "எந்தக் கொரல்ல கண்ணு சொல்லுவே?"

ஏசி சத்தம். சுவர் முழுக்கச் சிரித்துக்கொண்டிருக்கிற ஜோடிகள். "மனு குடுத்துப்போட்டு வரும்போது சம்பத்து என்னைப் பட்டறை கேட்டுகிட்ட நிறுத்தி அந்த ரிக்கார்டப் போட்டுக் காமிச்சான்" என்றாள் அத்தை, கதவைப் பார்த்துக்கொண்டு. "பேச்சு அந்த ஆபீசராட்டமேதான் இருந்துது. கடைசில ஒரு சிரிப்பு வந்துச்சு பாரு. அத நாந்தான தொட்டில்ல இருந்து கேட்டுட்டு இருக்கறேன்." மூன்று வாரத்தில் இரண்டு வாரம் அவளுக்குத் தெரிந்தே போயிருக்கிறது. எவனோ பேசிப்போட்டான் என்று சொன்னபோது நான் சோற்றைப் பிசைந்ததையும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். ஏதாவது சொல்ல வேண்டும். மன்னிச்சிருங்கத்தை என்று சொல்ல வேண்டும். தொண்டைக்குள் ஆபீசர் எழுந்தார், சம்பத்து வளைந்தான், வேதியியல் மிஸ் கண்ணாடியைத் துடைத்தார், நான் சொல்றேன் நான் சொல்றேன் என்று ஒருத்தரை ஒருத்தர் நெருக்கிக்கொண்டு. "நட, பஸ்ஸு போயிரும்" என்றாள். படத்தை எடுத்தேன். மை காயவில்லை, மடிக்கக் கூடாது, சுருட்டக் கூடாது, ஒரு ஓரத்தில் பிடித்தால் வளைந்துவிடும். இரண்டு கையாலும் இரண்டு பக்கமும் ஏந்திக்கொண்டு, சாப்பாட்டுத் தட்டுத் தூக்குகிற மாதிரி, வெயிலுக்குள் இறங்கினேன். வெயிலில் அந்த நீலம் இன்னும் பொய்யாகத் தெரிந்தது. பஸ் ஏறி, மூன்று மணி வரைக்கும், கிணற்றடி வரைக்கும் இப்படியே பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். அங்கே போய் அவர் முன்னால் நிற்கும்போதும் இரண்டு கையும் இதில்தான் இருக்கும். வாய்க்கு முன்னால் வைக்க ஒன்றும் இருக்காது.